ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெருக்கூத்து: பாட்டை ஸ்பீக்கரில் போட்டுவிடலாமா?

தாமிரபரணிக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலிப் பக்கம். கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும்தான் எனக்குத் தெரியும். வேலை கிடைத்தது திருவண்ணாமலை மாவட்டத்தில், செய்யாற்றுக்கும் வந்தவாசிக்கும் நடுவில் ஒரு நடுநிலைப் பள்ளியில். தமிழ் எடுக்கிறேன். இது இரண்டாவது வருஷம்.

இந்த முறை ஆண்டு விழாவுக்கு சினிமாப் பாட்டு டான்ஸ் கிடையாது, ஊர்க் கலை ஒன்று மேடை ஏற வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். தமிழ் டீச்சருக்கு இதெல்லாம் தானாக வரும் என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு. இந்த வட்டாரம் கூத்துக்குப் பேர் போனது என்று கேள்விப்பட்டிருந்ததால், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் "தெருக்கூத்து போடலாம் சார்" என்று சொல்லிவிட்டேன்.

ஏழாம் வகுப்பில் 22 பிள்ளைகள். பெண்பிள்ளைகள் 13, பையன்கள் 9. இன்னும் பத்து வாரம் இருக்கிறது. மேடையில் 15 நிமிடம்.

யூடியூபில் அபிமன்யு சண்டைக் கூத்து ஒன்று, விடிய விடிய நடந்தது, முழுசாகக் கிடைத்தது. அதில் நல்ல பாட்டாக நாலைந்தை வெட்டி ஒட்டி ஸ்பீக்கரில் போடலாம், பிள்ளைகள் வாயசைத்து ஆடட்டும் என்று நினைத்திருக்கிறேன். வேஷமெல்லாம் கொடுத்தாகிவிட்டது. இது போதுமா, தப்பா?

இன்னும் சில கவலைகள். பையன்களில் இரண்டு பேருக்குக் குரல் உடைய ஆரம்பித்துவிட்டது. ஒரு அம்மா நேரே வகுப்புக்கு வந்து, "கூத்தாடியாக்கவா டீச்சர் எம்பொண்ண அனுப்புறேன்?" என்று கேட்டுவிட்டுப் போனார். வேஷச் சாமானுக்கு வாடகை விசாரித்தேன், அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

நாலாம் பீரியடு எழுதியது:

ஸ்பீக்கரிலேயே போடுங்க டீச்சர், யோசிக்காதீங்க. நான் உடற்கல்வி ஆசிரியர். கலைத்திருவிழாவுக்கு ரெண்டு வருஷம் ஒயிலாட்டம் பழக்கினேன். ஆளுக்கு ரெண்டு கைக்குட்டை, தலைப்பாகை, கால் சலங்கை, ஒரு பென் டிரைவ். வேற எதுவும் தேவைப்படல. மேடையில மைக் ஒண்ணோ ரெண்டோதான் இருக்கும். பிள்ளை பாடினா நாலாவது வரிசைக்குக் கேட்காது. வட்டார அளவுல ரெண்டாம் இடம் வாங்கினோம். பாட்டு நல்லா இருந்தா பாதி வேலை முடிஞ்சுது.

முகவீணை வீடு எழுதியது:

உடற்கல்வி சார் சொல்வது ஒயிலாட்டத்துக்குச் சரி. இருபது பேரும் ஒரே நேரத்தில் ஒரே காலை வைக்கிற ஆட்டம் அது. தாளம் நூல் பிடித்த மாதிரி ஒரே சீராகப் போனால் போதும், அது பென் டிரைவிலிருந்து வந்தால் என்ன, எங்கிருந்து வந்தால் என்ன.

கூத்தில் பாட்டு ஆடுகிறவனுக்குப் பின்னால் போகும். கிரிக்கி (வேகமாகச் சுழன்று ஆடுவது) சுற்றுகிறவன் எட்டுச் சுற்றில் நிற்பானா பன்னிரண்டில் நிற்பானா என்று அவன் காலைப் பார்த்துத்தான் மிருதங்கக்காரர் முத்தாய்ப்பு வைப்பார். அவன் மூச்சு வாங்குகிறான் என்று தெரிந்தால் பின்பாட்டுக்காரர் அதே அடியை இன்னொரு தரம் திருப்பி எடுத்துக் காலம் கொடுப்பார். ஸ்பீக்கரில் போட்டால் எல்லாம் தலைகீழ். என்றைக்கோ ஒரு ராத்திரி எந்த ஊரிலோ ஆடிய ஒருவருடைய மூச்சுக்கு உங்கள் பையன் மூச்சு விட வேண்டும். அவருக்கு நாற்பது வயது இருக்கும். இவனுக்குப் பன்னிரண்டு.

இதை நான் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். என் அப்பா ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், முகவீணை என்கிற சின்ன ஊதுகுழல் வாசித்தவர். நான் வாத்தியார் வேலைக்கு வந்து, ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். கூத்துக்காரர் வீட்டுப் பிள்ளையான நானே நீங்கள் செய்யப் போகிற தப்பை 1993இல் செய்தேன். அப்போது கேசட். எங்கள் ஜமா பாடியதையே பதிவு செய்து, மூன்று மாதம் தினமும் போட்டுப் போட்டுப் பழக்கி, ஒரு போட்டிக்குக் கூட்டிப் போனேன். மேடையில் பாதியில் நாடா சிக்கிக்கொண்டது. பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். நான் பக்கத்திலிருந்து "பாடுங்கடா, பாடுங்கடா" என்கிறேன். ஒருத்தனுக்கும் முதல் அடிக்கு மேல் வரவில்லை. தொண்ணூறு நாள் காதில் விழுந்த பாட்டு, ஒரு நாள் கூட வாயில் ஏறவில்லை.

அப்பா கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஞாயித்துக்கெழம உம் பசங்கள இட்டுகினு வா" என்றார். அவ்வளவுதான்.

இட்டுக்கொண்டு போனேன். ஆட்டம் சொல்லித் தருவார் என்று பார்த்தால், எல்லாரையும் வேப்ப மரத்தடியில் வட்டமாக உட்கார வைத்து, "ஊர்ல யார மாதிரி பேச வரும் உனக்கு?" என்று ஒவ்வொருத்தனையாகக் கேட்டார். ஒருத்தன் ரேஷன் கடைக்காரர், ஒருத்தன் கோயில் பூசாரி, ஒருத்தன் என்னை மாதிரியே பேசிக் காட்டினான். அதில் ஒருத்தனைப் பிடித்துக் கட்டியங்காரன் ஆக்கினார். முதல் இரண்டு வாரம் கட்டியங்காரன் வேலை மட்டும்தான் நடந்தது, அதுவும் எல்லாருக்கும்.

ஏன் என்று எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. ராஜா வேஷம் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடும். கட்டியங்காரன் வெளியே நின்று "யாருப்பா நீ? எந்த ஊரு? என்ன வேலையா வந்தே?" என்று கேட்பான். ஊர் ஜனம் கேட்க நினைக்கிற கேள்வியைத்தான் அவன் கேட்கிறான். பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கத் தெரியும், அதற்குப் பயிற்சி வேண்டாம். கேட்கக் கேட்க எதிரில் நிற்கிற துரியோதனனுக்கும் பதில் சொல்ல வாய் திறக்கும். மனப்பாட வசனத்தைக் கொடுத்து ஆரம்பித்தீர்களானால் அந்த வாய் கடைசி வரை திறக்காது.

அதற்குப் பிறகு சொற்கட்டு. தாளத்தை வாயால் சொல்லி, கையால் தட்டி, உட்கார்ந்த இடத்திலேயே. அப்புறம் நடை. சலங்கையை ஆறாவது வாரம் வரை கண்ணில் காட்டவில்லை. பிள்ளைகள் கெஞ்சின. சலங்கை கட்டிவிட்டால் தப்பாக வைத்த காலும் ஜல் என்றுதான் கேட்கும், சொல்லிக் கொடுக்கிறவனுக்கே தப்பு தெரியாது என்பார்.

குரல் விஷயம். ஜமாக்காரர்கள் எடுக்கிற சுதியில் பிள்ளைகளைப் பாட விடாதீர்கள். மைக் இல்லாத காலத்தில் கடைசித் திண்ணை வரைக்கும் கேட்க வேண்டும் என்று ஏற்றி வைத்த சுதி அது. பிள்ளைகள் பேசுகிற குரலுக்குப் பக்கத்தில் வையுங்கள். மகரக்கட்டு உடைகிற அந்த இரண்டு பையன்களைப் பாட வைக்கவே வேண்டாம். பாலர் நாடகக் கம்பெனிக் காலத்தில் குரல் உடைந்தால் பையனுக்கு வேஷமே போய்விடும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் பால சபை தொடங்கிய காலத்துக் கதைகளில் இந்தப் பயம் நிறைய வரும். உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. வசனம் மட்டும் உள்ள வேஷம் கொடுங்கள், துரோணர் மாதிரி. கரகரப்பான குரல் அவருக்குப் பொருந்தும்.

பெண்பிள்ளைகள் ஆடலாமா என்று யாராவது கேட்டால்: ஆண்களே பெண் வேஷம் கட்டியது பழைய வழக்கம், உண்மை. ஆனால் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் கூத்துக் கலைஞர் பி. ராஜகோபாலும் அவர் மனைவி ஹன்னே டி புருய்னும் 2002இலிருந்து 2020 வரை கட்டைக்கூத்து (தெருக்கூத்துக்கு இன்னொரு பேர்) குருகுலம் நடத்தினார்கள். பள்ளிப் படிப்பும் கூத்தும் ஒரே இடத்தில். பெண்பிள்ளைகளும் அங்கே கற்று மேடை ஏறினார்கள். கிரிக்கி அடித்தார்கள், ராஜா வேஷம் கட்டினார்கள்.

அந்த அம்மாவிடம் கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்ததைச் சொல்லலாம். புரிசை உங்களுக்குப் பஸ்ஸில் போகிற தூரம்தான். ஆனால் "அது பெரியவங்களுக்கு" என்று சொல்லிவிடுவார். விருது இந்த வேலைக்கு ஆகாது. அந்த வீட்டில் பாட்டி இருக்கிறாரா என்று பாருங்கள். திரௌபதி அம்மன் கோயில் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து விடியும் வரை கூத்துப் பார்த்த தலைமுறை. பாட்டியை ஒரு நாள் ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள், மருமகளை அவர் பார்த்துக்கொள்வார்.

தாமிரபரணிக்காரி எழுதியது:

ஐயா, ரொம்ப நன்றி. பயமும் வந்துவிட்டது. எனக்குச் சொற்கட்டும் தெரியாது, நடையும் தெரியாது. வாத்தியார் ஒருவரைக் கூப்பிடுவது என்றால் எங்கே போய்க் கேட்பது? நான் வெளியூர்க்காரி. என்ன கொடுக்க வேண்டும்? "பிள்ளைகளுக்காக ஒரு சேவையா வந்து சொல்லிக் கொடுங்க" என்று கேட்டால் தப்பா?

முகவீணை வீடு எழுதியது:

தப்பு. கண்டிப்பாகத் தப்பு.

ஒரு பள்ளியில் அப்பா ஆறு ஞாயிறு போய்ச் சொல்லிக் கொடுத்தார். கடைசி நாள் மேடைக்கு அழைத்து, நாலு நல்ல வார்த்தை பேசி, சால்வை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத எந்த மளிகக் கடையில எடுத்துக்குவான்?" என்று கேட்டாள். அந்தச் சால்வை இன்னும் பெட்டியில் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் போர்த்தியதில்லை.

இப்போது கார்த்திகை. நல்ல நேரத்தில்தான் கேட்கிறீர்கள். பங்குனி பிறந்தால் ஆடி முடிகிற வரைக்கும் ஜமாக்காரர்கள் கண்ணில் பட மாட்டார்கள், ராத்திரி ஆட்டம், பகலில் தூக்கம். மழைக் காலத்தில் வேலை இருக்காது, கைச் செலவுக்கே திண்டாட்டம். போனில் கேட்காதீர்கள். சாயந்திரம் தலைமையாசிரியரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். ஒரு களரிக்கு, அதாவது ஒரு ராத்திரி ஆட்டத்துக்கு, அவர் பங்காக என்ன கிடைக்கும் என்று கூச்சப்படாமல் கேட்டு, அதில் பாதியாவது ஒரு நாளைக்கு என்று பேசுங்கள். பஸ் காசு தனி. மிருதங்கக்காரரையும் சேர்த்து இரண்டு பேருக்குப் பேசினால் நல்லது. உங்கள் வாடகைச் சாமான் பணத்தை அப்படியே இங்கே திருப்பிவிடுங்கள்.

சாமான் வேண்டாமா என்றால், வேண்டாம். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவது. எடை குறைந்த மரம்தான், ஆனாலும் பன்னிரண்டு வயதுத் தோளுக்குப் பாரம். அட்டையும் ஜிகினாத் தாளும் போதும். பிள்ளைகளே வெட்டி ஒட்டட்டும். முழு வேஷம் அபிமன்யுவுக்கும் துரியோதனனுக்கும் மட்டும். மற்றவர்களுக்கு வேட்டியும் தலையில் ஒரு துண்டும். அரிதாரம் பூசுவதற்கு முதல் நாளே முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவிப் பாருங்கள், சில பிள்ளைகளுக்கு அரிக்கும். பூசுகிற அன்று முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவிய பிறகுதான் பூச வேண்டும். இல்லையென்றால் கலைக்கும்போது அழுவார்கள்.

உங்களுக்குக் கூத்து தெரியாது என்று கவலைப்படுகிறீர்கள். திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார், ராத்திரி ஜமா அதே கதையை ஆடும். பகலில் காதால் கேட்டதைத்தான் ராத்திரி கண்ணால் பார்க்கிறார்கள். பிரசங்கியாருக்கு ஆடத் தெரிய வேண்டியதில்லை. அந்த வேலைதான் உங்களுடையது. சக்கர வியூகத்துக்குள் போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது என்றால் என்ன என்று அந்த 22 பேருக்கும் மயிர்க்கூச்செறியும்படி சொல்லிவிடுங்கள். மைதானத்தில் சுண்ணாம்பில் கோடு போட்டு உள்ளே நடக்க விடுங்கள். கதை உள்ளே இறங்காத பிள்ளைக்கு வாத்தியார் என்ன அடவு சொன்னாலும் அது உடற்பயிற்சிதான்.

இன்னொன்று. நாலைந்து பாட்டு வெட்டி ஒட்டுவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். விடிய விடிய நடக்கிற கூத்தைப் பதினைந்து நிமிடத்தில் சுருக்க முடியாது, சுருக்கினால் கதைச் சுருக்கம்தான் மிஞ்சும். ஒரே ஒரு இடம் எடுங்கள். போருக்குப் போகிறேன் என்று சுபத்திரையிடம் அபிமன்யு விடை கேட்கிற இடம் போதும். ஒரு பையன், ஒரு அம்மா, நடுவில் கட்டியங்காரன். துரியோதனனும் துரோணரும் முன்னால் கொஞ்சம் வந்து போனால் போதும். மற்ற பிள்ளைகள் எல்லாம் பின்பாட்டு. அங்கே கூட்டம் இருந்தால் கூச்சம் போகும், பயப்படுகிற பிள்ளைக்கும் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும்.

அடிக்குச்சி எழுதியது:

நான் மதுரை மாவட்டத்தில் ஆசிரியர். கூத்து தெரியாது, பறை பழக்குகிறேன். எங்களுக்கு அலங்காநல்லூர் பக்கம். 2025இல் பத்மஸ்ரீ வாங்கிய பறைக் கலைஞர் வேலு ஆசான் ஊர். டீச்சர், "வேஷமெல்லாம் கொடுத்தாகிவிட்டது" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

முதல் வருஷம் ஆறு பறை வாங்கினோம். "யாருக்கு வேணும், கை தூக்குங்க" என்றேன். எட்டுக் கை உயர்ந்தது. எட்டும் ஒரே தெருப் பிள்ளைகள். எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஆர்வமான பிள்ளைகள் கிடைத்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். ஆண்டு விழாவில் அவர்கள் அடித்தார்கள், மற்ற பிள்ளைகள் முன்னால் ஆடினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். கீழே இறங்கும்போது ஒரு பையன் கேட்டான்: "சார், ஊர்லயும் நாங்கதான் அடிக்கிறோம். இங்கயும் நாங்கதானா?"

அடுத்த வருஷம் கை தூக்கச் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டு வரிசைப்படி, வகுப்பில் எல்லாரும். இடக்கையில் நீளக் குச்சி, வலக்கையில் அடிக்குச்சி, ஆளுக்குப் பத்து நிமிடம், ஒரு மாதம். மழை நாளில் தோல் தொய்ந்து போனால் ஓலை கொளுத்திக் காய்ச்சுவதும் முறை வைத்துத்தான். (இப்போது ஃபைபர் பறை வந்துவிட்டது, காய்ச்ச வேண்டாம். ஆனால் தீயில் காட்டி, தட்டிப் பார்த்து, டண் என்று ஒலி ஏறுகிற அந்த நிமிடத்துக்காகவே நான் தோல் பறையை விடவில்லை.) ஒரு அப்பா பள்ளிக்கு வந்து கத்தினார். இரண்டு பிள்ளைகளை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். தலைமையாசிரியர் "எதுக்கு சார் வம்பு" என்றார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் முதல் வருஷம் செய்தது சரி என்று ஆகிவிடும்.

கூத்திலும் இது இருக்கும். ராஜா யார், சேவகன் யார், திரை பிடிக்கிறது யார் என்று ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் எந்தத் தெரு என்று எழுதிப் பாருங்கள். நீங்கள் வெளியூர் என்பதால் உங்களுக்குத் தெரியாமலே நடந்திருக்கலாம். பிள்ளைகளுக்குத் தெரியும்.

தாமிரபரணிக்காரி எழுதியது:

எழுதிப் பார்த்தேன். திரை பிடிக்கிற இரண்டு பேரும் ஒரே தெரு. நான் கொடுக்கவில்லை, "யார் பிடிக்கிறீங்க" என்று கேட்டதற்கு மற்ற பிள்ளைகள் அவர்களைத்தான் காட்டினார்கள். அவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள். எனக்கு அது சாதாரணமாகத் தெரிந்தது. இதற்கு மேல் எழுத வரவில்லை.

வேஷப் பட்டியலைக் கிழித்துவிட்டேன். வாத்தியார் வந்து பார்த்துக் கொடுக்கட்டும். திரை வாரம் ஒரு ஜோடி.

எட்டு ஜோடி எழுதியது:

தலைப்புக்குச் சம்பந்தம் இல்லாத பதில், மன்னிக்கவும். பாடவும் மாட்டேன், பேசவும் மாட்டேன் என்று சுவரோடு ஒட்டிக்கொள்ளும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. நான் அவர்களுக்குப் பின்னல் கோலாட்டம் வைத்திருக்கிறேன். மேலே நடுவிலிருந்து கயிறுகள் தொங்கும், ஆளுக்கு ஒன்று. பாதிப் பேர் ஒரு பக்கமாகவும் பாதிப் பேர் எதிர்ப்பக்கமாகவும், உள்ளே வெளியே என்று மாறி மாறிப் போனால் கயிறு பின்னிக்கொண்டு வரும். அப்புறம் அதே கணக்கில் திரும்பி நடந்து அவிழ்க்க வேண்டும். பின்னும்போது ஒருத்தி தப்பினால் அப்போது ஒன்றும் தெரியாது, அவிழ்க்கும்போது மொத்தமும் முடிச்சு. போன வருஷம் முடிச்சு விழுந்து கத்தரிக்கோல் எடுக்க வேண்டியதாயிற்று. வகுப்பில் வாயே திறக்காத பெண்தான் "மூணாவது திருப்பத்துல இவ உள்ள போயிட்டா மிஸ்" என்று சரியாகச் சொன்னாள்.

தாமிரபரணிக்காரி எழுதியது:

இழையைத் தேடிக் கண்டுபிடித்து எழுதுகிறேன். போன வாரம் ஆண்டு விழா முடிந்தது.

வாத்தியார் கிடைத்தார். பக்கத்து ஊர்க்காரர், அறுபத்தெட்டு வயது. முதல் நாள் தலைமையாசிரியரும் நானும் போனபோது நாற்காலியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார், அவர் உட்காரவே இல்லை. ஐயா சொன்ன மாதிரியே காசு பேசினோம். பேசியதும்தான் உட்கார்ந்தார். ஆர்மோனியப் பெட்டி வாசிக்கத் தன் மகனையும் மிருதங்கத்துக்கு ஒருவரையும் கூட்டி வந்தார். முகவீணைக்கு ஆள் கிடைக்கவில்லை. அந்த வட்டாரத்தில் வாசிக்கிறவர்கள் குறைந்துவிட்டார்களாம்.

கட்டியங்காரன் ஒரு பெண். மினி பஸ் கண்டக்டர் மாதிரி பேசிக் காட்டியவள். திரைக்குப் பின்னால் நிற்கிற துரியோதனனைப் பார்த்து, "உள்ள யாரு? டிக்கெட் எடுத்தாச்சா?" என்று ஒத்திகையில் சும்மா கேட்டாள். நான் அதட்டப் போனேன். வாத்தியார் "அத வெச்சிக்க கண்ணு" என்றார்.

அபிமன்யு யார் தெரியுமா? முதலில் திரை பிடிக்க எழுந்து வந்த இரண்டு பேரில் ஒருவன். வாத்தியார்தான் பொறுக்கினார், நான் வாயே திறக்கவில்லை. "இவன் நிக்கிறான் பாரு, கால் பூமியில ஊணி நிக்குது" என்று மட்டும் சொன்னார். குரல் உடைந்த இரண்டு பையன்களில் ஒருவன் துரோணர், இன்னொருவன் தாளம்.

பதினைந்து நிமிடம் என்று சொன்னது இருபத்தேழு நிமிடம் ஆகிவிட்டது. மைக் இரண்டையும் பின்பாட்டுப் பிள்ளைகள் பக்கம் வைத்தோம். சுபத்திரை அழுகிற இடத்தில் சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்த்தேன், தலைமையாசிரியர் பார்த்தார், கட்டியங்காரியும் பார்த்துவிட்டாள். அபிமன்யுவை அப்படியே நிறுத்திவிட்டு மேடை ஓரத்துக்கு வந்து, "ராஜாவே, சுருக்கக் கெளம்பு. ஐயாவுக்கு அடுத்த ஊர்லயும் களரி இருக்குதாம்" என்றாள். கூட்டம் எழுந்து நின்று சிரித்தது. விருந்தினரும் சிரித்தார், அதற்கப்புறம் கையைத் திருப்பவில்லை. மிருதங்கக்காரர் அந்தச் சிரிப்பு அடங்குகிற வரைக்கும் மெல்லமாக வாசித்துக்கொண்டே இருந்து, அப்புறம் அபிமன்யுவை எடுத்துக்கொண்டு போனார். இந்த வசனம் எங்கள் தாளில் இல்லை. ஸ்பீக்கரில் போட்டிருந்தால் இருபத்தேழு நிமிடம் ஆகியிருக்காது என்று தலைமையாசிரியர் மறுநாள் சொன்னார். குறையாகச் சொன்னாரா, வேறு எப்படியா என்று தெரியவில்லை.

அந்த அம்மா வந்திருந்தார். பாட்டி இரண்டு ஒத்திகைக்கு வந்து, விருத்தத்தில் ஒரு இடம் தப்பு என்று வாத்தியாரிடமே வாதம் செய்தார். அம்மா என்னிடம், "சரி டீச்சர், இனிமே படிக்கச் சொல்லுங்க, பரீட்ச வருது" என்றார். அவ்வளவுதான் கிடைத்தது.

ஒரு பிரச்சினை. பிள்ளைகள் விடுவதாக இல்லை. மதிய இடைவேளையில் வராந்தா முழுக்க கிரிக்கி. ஆறாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு எல்லாம் சுற்றுகிறது. நேற்று அபிமன்யுவே தலை சுற்றி விழுந்து தாடையில் மூன்று தையல். பரீட்சை முடிகிற வரை கிரிக்கிக்குத் தடை என்று தலைமையாசிரியர் இறைவணக்கக் கூட்டத்தில் அறிவித்துவிட்டார். என்ன செய்ய?

முகவீணை வீடு எழுதியது:

சிமெண்டுத் தரையில் சுற்ற விடாதீர்கள் என்று முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். மறந்தது என் தப்பு. கிரிக்கி பழகுவது மணலில், வெறுங்காலில், சாப்பிடுவதற்கு முன்னால். கண்ணை ஒரே இடத்தில் வைத்துத் தலையைக் கடைசியாகத் திருப்ப வேண்டும், வாத்தியாரிடம் கேட்டால் காட்டிக் கொடுப்பார். மைதானத்து மூலையில் ஒரு டிராக்டர் மணல் கொட்டச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள், நீளம் தாண்டுவதற்கு என்று சொன்னால் மறுக்க மாட்டார். அங்கேயும் ஒரு நாளைக்குப் பத்துச் சுற்றுக்கு மேல் கூடாது. அபிமன்யுவுக்குத் தையல் பிரிக்கிற வரைக்கும் சொற்கட்டு மட்டும், உட்கார்ந்தபடியே, வாயை அதிகம் திறக்காமல்.

முகவீணை எங்கள் வீட்டில் அப்பாவுடையது ஒன்று சும்மா இருக்கிறது. வாயில் வைத்து ஊதுகிற சீவாளி மாற்ற வேண்டும். வாத்தியார் மகனுக்கு ஊத விருப்பம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.